றைஸா எழுதாமல் விட்ட வரி

புத்தளம் பஸ் நிலையத்தில் நிற்கிற பெண்களுக்குள் றைஸாவை அடையாளம் கண்டுகொள்வது சுலபம். வானத்தில் பொட்டு மேகம் இருக்காது, அவள் கையில் குடை இருக்கும். தோள்பையைத் திறந்தால் சார்ஜர் இரண்டு, டோர்ச் ஒன்று, ஒரு அட்டை நிறைய ஹிஜாப் ஊசி, நனையாமல் உறையில் போட்ட அடையாள அட்டைப் பிரதி. பஸ்ஸுக்கு அரை மணி நேரம் முந்தி வந்து நிற்பாள். பஸ் அரை மணி நேரம் பிந்தி வரும். இப்படியே ஆயுளில் கொஞ்சத்தை அந்த நிலையத்தில் செலவழித்திருக்கிறாள். அதைப் பற்றி அவளுக்கு வருத்தம் ஒன்றும் கிடையாது.

கனமூலை என்ற ஊரில் அவளைக் கல்யாணம் கட்டியவர் சியாம். தென்னங்கன்று வளர்த்து விற்கிறார். கல்யாணப் பேச்சின்போது நகையைப் பற்றி வாய் திறக்காத பெண், கரண்ட் போனால் என்ன செய்வீர்கள் என்று மட்டும் கேட்டு அனுப்பினாளாம். ஜெனரேட்டர் சொல்லியிருக்கிறோம் என்று பதில் போனது. அது பழுதானால் என்று மறுபடியும் ஆள் வந்தது. சியாம் இதை இன்றைக்கும் வருகிறவர் போகிறவருக்கெல்லாம் சொல்லிச் சிரிப்பார். கல்யாணத்தன்று கரண்ட் போனதும், முதல் ஜெனரேட்டர் இருமிவிட்டு நின்றதும், இரண்டாவதின் வெளிச்சத்தில் சாப்பாடு நடந்ததும் அந்தக் கதையின் மீதி. அதையும் அவர் ஒளிக்காமல் சொல்லிவிடுவார். நல்ல மனிதர்.

றைஸா வேலை செய்வது ஒரு சின்ன மென்பொருள் அலுவலகத்தில். இரும்புக்கடை ஒன்றின் மேல்மாடி, ஏழு பேர், ஓயாமல் கடகடக்கும் ஒரு ஏசி. நடத்துகிறவர் ஃபஸ்லான். பத்து வருடம் கத்தாரில் இருந்துவிட்டு வந்து, கடைகளுக்கும் கிளினிக்குகளுக்கும் மென்பொருள் செய்து கொடுக்கிறார். பதினொரு வருடத்துக்கு முன்னால் தமிழில் தட்டெழுதத்தான் றைஸாவை எடுத்தார். அவள் தட்டெழுதிக்கொண்டே, “இதுல பேரு எழுதாம பட்டன அமத்தினா என்ன நடக்கும்?” என்று கேட்டாள். அமத்திப் பார்த்தார்கள். எல்லாம் நின்றுவிட்டது. அன்றிலிருந்து அவளுடைய வேலை மாறிப்போனது.

எழுதுகிறவர்களுக்கு எப்போதும் தாங்கள் எழுதியது ஓடும் என்றுதான் தோன்றும். அது எங்கே நிற்கும் என்று பார்க்க ஒருத்தி வேண்டும். புதிதாக ஒரு வேலை வந்ததும் றைஸா சுவரில் பெரிய பிறவுன் தாள் ஒன்றை ஒட்டுவாள். என்ன கெட்டுப்போகலாம், அது நடக்க ஒன்றிலிருந்து ஐந்துக்குள் எவ்வளவு வாய்ப்பு, நடந்தால் நாம் என்ன செய்வோம் என்று மூன்று கோடு இழுத்து, குண்டுப் பேனையால் எழுதத் தொடங்குவாள். அலுவலகத்தில் இதற்கு றிஸ்க் லிஸ்ட் என்று பெயர். அவளுக்கு வைத்த பெயர் கரிநாக்கு ராத்தா, அதாவது கரிநாக்கு அக்கா. முகத்துக்கு நேரேயே சொல்வார்கள். அவளும் சிரித்துக்கொண்டே அடுத்த வரியை எழுதுவாள்.

அவளிடம் அதிகம் பாடுபடுவது ஸப்ரான்தான். கெட்டிக்காரப் பொடியன், இருபத்தேழு வயது, நிரல் எழுதுவதில் அந்த ஏழு பேருக்குள் அவனை மிஞ்ச ஆளில்லை.

“ராத்தா, வியாழக்கிழம முடிஞ்சிடும், இன்ஷா அல்லாஹ்.”

“இன்ஷா அல்லாஹ். வியாழக்கிழம எத்தன மணிக்கு?”

“அஸருக்கு முந்தி.”

“அப்ப நான் வெள்ளி லுஹர் எண்டு எழுதுறன்.”

வெள்ளிக்கிழமை லுஹருக்கு, பகல் தொழுகை நேரத்துக்குத்தான் முடியும். ஸப்ரானுக்கு அது தீராத அதிசயம்.

போன வருடம் ஃபஸ்லானுக்கு ஒரு வெளிநாட்டு உதவி அமைப்பிடமிருந்து நல்ல வேலை ஒன்று கிடைத்தது. கல்பிட்டிப் பக்கத்துத் தீவுகளில் கடலுக்குப் போகிற ஃபைபர் படகுகளுக்கான பதிவு. படகுக்காரர் புறப்படுமுன் ஃபோனில் மூன்று விவரம் போட வேண்டும்: படகு எண், எத்தனை பேர் போகிறார்கள், எத்தனை மணிக்குத் திரும்புவார்கள். திரும்பியதும் ஒரு பட்டன். சொன்ன நேரத்துக்கு மேல் ஒரு மணி நேரம் போயும் அந்தப் பட்டன் அமத்தப்படாவிட்டால் மீனவர் சங்கத்தாரின் ஃபோன்களும் பக்கத்துப் படகுக்காரரின் ஃபோன்களும் ஒன்றாக அலறும். சோழகக் காற்று கிளம்பி கடல் கொதிக்கத் தொடங்குமுன் கொடுத்துவிட வேண்டும் என்பது பேச்சு.

முதலில் ஓட்டிப் பார்க்க உச்சமுனை என்று முடிவானது. றைஸா பிறந்த ஊர். அவளுடைய அண்ணன் ரிப்கான் நானா அங்கேதான் கடலுக்குப் போகிறார். அந்த வேலைக்கு அவள் எழுதிய பட்டியல் போல அந்தச் சுவர் அதற்கு முன் கண்டதில்லை. ஈரக்கை பட்டால் ஃபோன் திரை கேட்காது. பழைய ஃபோனில் தமிழ் எழுத்து உடையும். மணல் மேட்டுக்கு அந்தப் பக்கம் சிக்னல் இல்லை. றமழான் கடைசிப் பத்து நாளில் ஆள் கிடைக்காது. ஸப்ரானுக்குக் கல்யாணம் கூடலாம், வாய்ப்பு ஐந்து. பதினேழாவது வரி கழுதை. கல்பிட்டி இறங்குதுறையில் வைக்கும் சோலர் வயரைக் கழுதை இழுக்கலாம் என்று எழுதியிருந்தாள். அலுவலகம் முழுக்கச் சிரித்தது. மூன்றாம் வாரம் கழுதை வந்து வயரை இழுத்து, பாதியைச் சப்பியும் விட்டுப் போனது. அதற்குப் பிறகு பதினேழாவது வரியைப் பார்த்து யாரும் சிரிக்கவில்லை. மொத்தம் நாற்பத்து மூன்று வரி. ஃபஸ்லான் அதைப் படம் பிடித்து உதவி அமைப்புக்கு அனுப்பினார். அவர்கள் பாராட்டி எழுதினார்கள்.

பதினான்கு படகில் இரண்டு வாரம் ஓட்டினார்கள். கையளிக்க மூன்று நாள் இருக்கும்போது ஸப்ரான் கதிரையைச் சுழற்றிக்கொண்டு கூப்பிட்டான்.

“ராத்தா, இங்க வாங்க. நூத்தி அறுவத்தெட்டுப் பயணம். ஒரு தரம் கூட அலாம் அடிக்கல்ல. ஒரு பிழை இல்ல. இண்டைக்கு நீங்க எனக்குப் பாராட்டு எழுதணும்.”

றைஸா குனிந்து பார்த்தாள். வரிசை வரிசையாகப் பச்சை டிக். படகு எண் சரி, ஆட்கள் சரி. திரும்பும் நேரம் என்ற இடத்தில் எல்லாப் படகுக்கும் எல்லா நாளும் ஒரே நேரம் இருந்தது. இரவு பதினொன்று ஐம்பத்தொன்பது. திரையில் அந்தக் கட்டத்தை எவ்வளவு தள்ள முடியுமோ அவ்வளவும் தள்ளி விட்டிருந்தார்கள்.

விடியச் சுபஹுக்குப் பிறகு போய்ப் பகலில் வருகிற படகுகள் அவை. காலை பத்து மணிக்கு ஒன்றின் என்ஜின் நின்று, அது ஆழத்துக்கு இழுபட்டுப் போனாலும், நடுச்சாமம் கடந்து ஒரு மணி நேரம் வரைக்கும் இந்த ஃபோன் பச்சையாகவே இருக்கும். முன்னரென்றால் கரையில் உள்ளவர்கள் கடலைப் பார்த்தாவது பதறுவார்கள். இனி பச்சை டிக்கைப் பார்த்துவிட்டுச் சும்மா இருப்பார்கள். இல்லாததை விடக் கெட்ட ஒன்றைச் செய்து வைத்திருக்கிறோம் என்று அவளுக்கு விளங்கியது. அந்தப் பதினான்கு படகில் ஒன்று நானாவுடையது.

ஏன் இப்படிப் போட்டார்கள் என்று யோசிக்க அவளுக்கு ஒரு நொடியும் தேவைப்படவில்லை. அவர்கள் ஊரில் கடலுக்குப் போகிறவரிடம் எப்போது வருவீர்கள் என்று யாரும் கேட்பதில்லை. போகிறவரும் சொல்வதில்லை. வருவது போவது படைத்தவன் கையில் இருக்கிறது. அதை நேரம் குறித்துச் சொல்வது வாய் வைப்பது, கெடுதலைக் கூப்பிடுவது. பால் குடிக்கிற வயதிலிருந்தே இது பழகிவிடும். றைஸாவுக்குத் தெரியாதா? ஆறு மாதத்துக்கு முன் ஸப்ரான் அந்தக் கட்டத்தை வரைந்து காட்டியபோது சரி போட்டதே அவள்தான்.

அவளுக்கு ஒன்பது வயதில் வாப்பாவின் படகு ஒரு நாள் வரவில்லை. கரையில் முழு ஊரும் நின்றது. படகு வரவில்லை என்ற சொல்லை மட்டும் ஒருவரும் சொல்லவில்லை. உம்மா பகலுக்குச் சோறு ஆக்கினா. ஆறியதும் கோழிக்குப் போட்டுவிட்டுத் திரும்ப ஆக்கினா. பின்னேரமும் ஆக்கினா. வாப்பா மறுநாள் காலை இன்னொரு படகின் கயிற்றில் இழுபட்டு வந்து சேர்ந்து, சோறு கேட்டார். இன்றைக்கும் வாப்பா, நானா வீட்டில் இருந்துகொண்டு கறிக்கு உப்புக் காணாது என்று சண்டை பிடிக்கிறார். நல்லதாகத்தான் முடிந்தது. ஆனால் அதற்குப் பிறகு, வீட்டுப் படகு திரும்பி வருகிற நேரத்தில் றைஸா அந்தக் கரையில் இருந்ததில்லை. ஊருக்குப் போனாலும் நானா வந்த பிறகு போவாள், இல்லாவிட்டால் அவர் வருமுன் கிளம்பிவிடுவாள். “நீ வந்தா வந்த சுவடும் தெரியாது புள்ள” என்று நானா குறைப்படுவார். பஸ் பிந்திவிடும் என்று இவள் ஏதாவது சொல்வாள்.

சுவரைத் திரும்பிப் பார்த்தாள். நாற்பத்து மூன்று வரி. கழுதை கூட இருந்தது. படகு திரும்பி வராவிட்டால் என்ற வரி இல்லை. இந்த வேலை தொடங்கியதே அந்த ஒன்றுக்காகத்தான். அதை எழுதியிருந்தால், அந்த நேரத்தை யார் சொல்லப் போகிறார்கள் என்ற கேள்வி தானாக வந்திருக்கும். கை அந்தப் பக்கம் போகவே இல்லை. உலகத்தில் கெடக்கூடியதையெல்லாம் எழுதிய கரிநாக்கு ராத்தா அந்த இடத்துக்கு வந்ததும் உச்சமுனைப் பெண்ணாகிப் பேசாமல் இருந்துவிட்டாள்.

பயண விவரத்தை அச்செடுத்துக்கொண்டு ஃபஸ்லானின் அறைக்குப் போய்க் கதவைச் சாத்தினாள்.

“ஃபஸ்லான் நானா, வியாழக்கிழம குடுக்க ஏலாது.”

அவர் தாளைப் பார்த்தார். “ஏன், அவங்களுக்கு நேரம் போடத் தெரியல்லியா?”

“நல்லாத் தெரியும். எங்கட ஊருல திரும்பி வாற நேரத்த வாயால சொல்றல்ல. கட்டாயம் போடணும் எண்டு நம்ம கேட்டதால கட்டத்தக் கடைசி வரைக்கும் தள்ளி விட்டிருக்காங்க.”

“இது உங்கட லிஸ்ட்ல எத்தனையாவது?”

“இல்ல நானா.”

“மறந்திட்டீங்களா?”

“மறக்கல்ல. எழுத ஏலாமப் போச்சு.”

ஃபஸ்லான் எழும்பி ஜன்னலடிக்குப் போனார். கீழே வீதியில் இரண்டு கழுதைகள் வாகனங்களுக்கு வழி விடாமல் நின்றன. “கழுதைய எழுதினீங்க” என்றார். சத்தம் போட்டிருந்தால் றைஸாவுக்கு இலேசாக இருந்திருக்கும். கண் நிறைந்துவிட்டது. துடைக்கப் பையில் மூன்று கைக்குட்டை இருந்தன, ஒன்றையும் எடுக்கத் தோன்றவில்லை.

அவர் மேசைக்குத் திரும்பி வந்து உதவி அமைப்புக்கு ஃபோன் எடுத்தார். இரண்டு வாரம் அவகாசம் வேண்டும், எங்கள் பக்கம் ஒரு பிழை நடந்திருக்கிறது என்றார். யாருடைய பிழை என்று அங்கே கேட்டார்கள் போலும். “எங்களுடையது” என்று மட்டும் இரண்டு தரம் சொன்னார். றைஸா அதை மறக்கவில்லை. மறக்கிற ஆளுமில்லை.

அடுத்த நாளே உச்சமுனைக்குப் போனாள். சங்கத்தாரோடு கதைத்தாள், படகுக்காரரோடு கதைத்தாள். எல்லாரும் தலையாட்டினார்கள். நல்ல விஷயம், கட்டாயம் போடுகிறோம் என்றார்கள். நேரம் என்றதும் கடலைப் பார்த்தார்கள். ஒருவர், “நீயும் இந்த ஊர்ப் புள்ளதானே” என்றார்.

மறுநாள் விடிய, நானா வீட்டுக் குசினியில் பிளேன்டீயை வைத்துக்கொண்டு தோற்றுப்போனவள் மாதிரி உட்கார்ந்திருந்தாள். நானாவின் மனைவி அஸ்கா அரிசி களைந்துகொண்டிருந்தா. ரிப்கான் நானா பெட்ரோல் கேனைத் தூக்கிக்கொண்டு வாசலில் செருப்பைத் தேடினார்.

“சோறு எத்தன மணிக்கு வெக்கிற?” என்றா அஸ்கா, அரிசியிலிருந்து கண்ணை எடுக்காமல்.

“ஒண்டரைக்கு வெய். நேத்து மாதிரி ஆறின சோத்தத் தந்திராத.”

றைஸா கோப்பையைக் கீழே வைத்தாள். “மச்சி, இத ஒவ்வொரு நாளும் கேக்கிறயா?”

“கேக்காம? நேரத்துக்கு இல்லாட்டி உங்கட நானா வீட்டத் தலகீழாக்குவாரு.”

எழும்பி அடுத்த வீட்டுக்குப் போனாள். அதற்கடுத்த வீட்டுக்கும் போனாள். எட்டு வீட்டில் கேட்டாள். எட்டு வீட்டிலும் விடியக் காலையில் அதே கேள்வி, அதே மாதிரிப் பதில். ஒன்றேகால். இரண்டு. லுஹர் தொழுத கையோடு. கால் மணி நேரம் வரை கணக்காகச் சொல்லியிருந்தார்கள். திரும்பி வருவதைப் பற்றி யாரும் ஒரு வார்த்தை கதைக்கவில்லை. சோற்றைப் பற்றித்தான் கதைத்தார்கள்.

பள்ளிவாசல் மதிலோரத்தில்தான் கதைக்கிற அளவுக்குச் சிக்னல் வரும். அங்கே நின்று ஸப்ரானைக் கூப்பிட்டாள். அவன் முழுவதும் கேட்டான்.

“நேரக் கட்டத்த எடுத்திட்டு, சோறு எத்தன மணிக்கு எண்டு போடவா ராத்தா?”

“ஓம்.”

“இத நான் அந்த வெள்ளக்காரங்களுக்கு எப்பிடி விளங்கப்படுத்துற?”

“பசியப் பத்தி அவங்களுக்கும் தெரியும். முதல்ல நம்ம சரி பாப்பம். வயித்த நம்பி அலாம் வெக்க ஏலாது.”

பத்து நாள் சரி பார்த்தார்கள். பெண்கள் சொன்ன சோற்று நேரத்தை ஒரு கொப்பியிலும், படகு மணலைத் தொட்ட நேரத்தை இன்னொரு கொப்பியிலும் எழுத, கரையோரத்து டீக்கடைக்காரரைப் பிடித்தாள். நானா கடலில் நிற்கும் நேரத்தில் அவள் கல்பிட்டிக்குப் போய் அங்கிருந்து வேலை பார்த்தாள். இரண்டு கொப்பியையும் ஒப்பிட்டால் அரை மணி நேரத்துக்கு மேல் வித்தியாசம் குறைவு. ஒரே ஒரு படகுக்காரர் ஒவ்வொரு நாளும் ஒரு மணி நேரம் முந்திச் சொன்னார். அவருடைய மனைவி எப்போதும் பிந்தித்தான் உலை வைப்பாவாம். அதையும் குறித்துக்கொண்டாள்.

ஸப்ரானுக்கு உற்சாகம் பிடித்துவிட்டது. எத்தனை பேர் போகிறார்கள் என்ற கேள்வியையும் மாற்றுவோம் என்றான். படகேறும்போது தலை எண்ணுவதும் அவர்களுக்குப் பிடிக்கவில்லை, கரைக்கு வந்ததும் எல்லாரும் படகுக்காரர் வீட்டில்தான் ஒன்றாகச் சாப்பிடுகிறார்கள், அதனால் எத்தனை பேருக்குச் சோறு என்றே கேட்டுவிடலாம் என்று அவனுடைய வாதம். றைஸாவும் ஒத்துக்கொண்டாள். அவளுக்கும் கொஞ்சம் உற்சாகம் பிடித்திருந்தது.

கையளிக்க உச்சமுனைக்குப் புறப்படுமுன் அலுவலகத்துச் சுவரடிக்குப் போய்க் குண்டுப் பேனையை எடுத்தாள். நாற்பத்து நான்கு: படகு திரும்பி வராவிட்டால். எழுதி முடித்தபோது கடைசி எழுத்துக் கொஞ்சம் சரிந்திருந்தது. வாய்ப்பு எவ்வளவு என்ற இடத்தில் ஒன்று என்று போட்டாள். அதைவிடச் சின்ன எண் அந்தத் தாளில் இல்லை.

கையளித்த நாள் காலை ரிப்கான் நானா வாசலில் நின்று ஃபோனைத் தட்டினார். தடித்த விரல், ஒவ்வொரு தட்டுக்கும் உதட்டைக் கடித்தார். முடித்துவிட்டு ஃபோனைப் பொலித்தீனுக்குள் போட்டு இடுப்பில் சொருகினார். கூடப் போகிறவர் ஏற்கெனவே படகில் இருந்தார். றைஸாவும் பையை மாட்டிக்கொண்டு இறங்கினாள், எட்டு மணிக்குக் கல்பிட்டிக்குப் போகிற படகு.

“போறயா?” என்றார் நானா.

“ஓம் நானா. பஸ் பிந்திரும்.”

அவர் கரைக்கு இறங்கினார். படகைத் தள்ளி ஏறிக்கொண்டார்.

பயணிகள் படகுக்குக் காத்துக்கொண்டு பள்ளிவாசல் மதிலோரம் நிற்கும்போது ஸப்ரான் ஃபோன் எடுத்தான்.

“ராத்தா, உங்கட நானாட போட்டுல எத்தன பேரு?”

“ரெண்டு பேரு. நான் பாத்துக்கொண்டுதான் நிண்ட.”

“இங்க மூணு எண்டு காட்டுது. நான் எழுதினதுல பிழ போனதா எண்டு பாத்திட்டன், இல்ல. அவருதான் மூணு எண்டு போட்டிருக்காரு. ரெண்டு தரம் மாத்தி, மறுபடியும் மூணு.”

றைஸா மணலில் நின்றாள். சோறு எத்தனை மணிக்கு, ஒன்றரைக்கு. எத்தனை பேருக்கு, மூன்று பேருக்கு. நானா, கூடப் போனவர். அஸ்காவும் வாப்பாவும் பிள்ளைகளும் நேரத்தோடு சாப்பிட்டுவிடுவார்கள், அவர்கள் அந்தக் கணக்கில் வரமாட்டார்கள். இன்னும் ஒரு ஆளுக்கு அவர் சோறு சொல்லியிருக்கிறார்.

“ராத்தா? லைன்ல இருக்கீங்களா?”

“இருக்கிறன். பிழ நம்மடதான் ஸப்ரான். எத்தன பேரு போறாங்க எண்ட கட்டத்தத் திரும்பவும் போடணும். இப்பிடியே விட்டா, இல்லாத ஆளக் கடலுல தேடுவாங்க. நாப்பத்தஞ்சாவது வரி எண்டு எழுதுங்க. வீட்டுக்கு ஆள் வந்தாச் சோத்துக் கணக்குக் கூடும்.”

“எழுதுறன். யாரு ராத்தா வந்திருக்கிற?”

“நான்தான்” என்றாள்.

கல்பிட்டிப் படகு வந்தது. அவள் ஏறவில்லை. சங்கத்தாரைத் தேடிப் போய், ரிப்கான் நானாவின் படகில் இரண்டே இரண்டு பேர் என்று சொல்லி எழுத வைத்துவிட்டு வீட்டுக்குத் திரும்பினாள். பையைக் கண்டதும் அஸ்கா உலைக்கு இன்னொரு சுண்டு அரிசி போட்டா. ஒரு மணிக்கு றைஸா கரையில் போய் உட்கார்ந்தாள். ஒன்பது வயதுக்குப் பிறகு முதல் தரம். ஒன்றரை ஆனது. ஒன்று நாற்பது ஆனது. ஃபோன் அலற இன்னும் ஐம்பது நிமிடம் இருக்கிறது என்று அவளுக்கு நன்றாகத் தெரியும், கணக்குப் போட்டதே அவள்தான். இருந்தும் அவளுக்குத் தெரிந்த துஆ எல்லாம் ஓதி முடித்துவிட்டு மறுபடியும் முதலிலிருந்து தொடங்கினாள்.

ஒன்று ஐம்பதுக்கு நானாவின் படகு தெரிந்தது. அதில் இரண்டு தலை இருந்தது. அவள் எண்ணினாள். எண்ணக் கூடாதென்று தெரிந்தும் இரண்டு தரம் எண்ணினாள்.

நானா இறங்கிக் கயிற்றை இழுத்துக்கொண்டு வந்தார். அவளைக் கண்டதும் நின்றார்.

“போகல்லியா?”

“மூணு பேருக்கெண்டு போட்டிருந்தீங்களே.”

“ஏன், அது பிழையா?”

“ஓம் நானா, பெரிய பிழ. போட்டுல போறவங்களுக்கு மட்டும்தான் போடணும். இண்டைக்கே திருத்தணும்.”

“திருத்து” என்றார் ரிப்கான் நானா, மீன் பெட்டியின் ஒரு காதை அவள் கையில் கொடுத்தபடி. “முதல்ல வந்து சாப்பிடு.”